காகிதம் இல்லாதவர்களின் நிலம்

முப்பத்து மூன்று வருடம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் நான். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். அதில் எட்டு வருடம் நில எடுப்புப் பிரிவில் கழிந்தது. 1894ஆம் வருட நில எடுப்புச் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நாலு ஒன்று அறிவிக்கை, ஐந்து ஏ விசாரணை, ஆறாம் பிரிவு அறிவிப்பு, அவார்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தச் சட்டத்தை மறுபடி ஒரு நாள் நைரோபியில் சந்திப்பேன் என்று நினைத்ததே இல்லை.

2018இல் மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் என் மனைவியும் ஜூலை மாதம் போய்ச் சேர்ந்தோம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துக் கதர் சட்டைகளாக எடுத்துப் போயிருந்தேன். ஜூலையில் நைரோபி குளிர்கிறது. போன மறுநாளே ஸ்வெட்டர் வாங்க வேண்டியதாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிமுரு பக்கம் கூட்டிப் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு மணி நேரப் பயணம். பனிமூட்டமும் தேயிலைச் சரிவுகளும் நம் குன்னூரைப் போலவே இருந்தன. கார் ஓட்டியவர் கிகுயு இனத்தைச் சேர்ந்த நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஒரு திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கி, கீழே தெரிந்த சரிவைக் கையால் காட்டி, "இது எங்கள் பாட்டனார் வம்சத்து நிலம்" என்றார்.

பழக்க தோஷம். "டாக்குமெண்ட் இருந்ததா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "நாங்கள்தான் முதலில் இருந்தோம் ஐயா. டாக்குமெண்ட் பிறகு வந்தது" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. அங்கே இருந்த மூன்று மாதமும் கிடைத்த புத்தகங்களைப் படித்தேன். ரயில்வே மியூசியத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் போய் வந்தேன். ஊர் திரும்பிய பிறகும் படித்துக்கொண்டே இருந்தேன். படித்ததை ஒரு பழைய ரெவின்யூக்காரனின் கண் வழியாக இங்கே எழுதுகிறேன். சரித்திரப் பேராசிரியர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

1895இல் பிரிட்டன் அந்தப் பகுதியைக் கிழக்கு ஆப்பிரிக்கப் பாதுகாப்புப் பிரதேசம் என்று அறிவித்தது. மறு வருடமே மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் 32,000 பேரைக் கொண்டு போனார்கள். பெரும்பாலும் பஞ்சாப், குஜராத் பக்கத்து ஆட்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே செத்துப்போனார்கள். 1901 டிசம்பரில் பாதை ஏரியைத் தொட்டது. இன்றைய நைரோபி, 1899இல் அந்தப் பாதையில் ஒரு சதுப்பு நிலத்தோரம் போட்ட ரயில்வே முகாம்தான்.

கூலிகளோடு கப்பலில் இன்னொன்றும் போனது. அதுதான் நம் 1894ஆம் வருடச் சட்டம். இந்தியாவுக்காக எழுதிய நில எடுப்புச் சட்டத்தை 1897இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் நீட்டித்து, தண்டவாளத்தின் இருபுறமும் ஒவ்வொரு மைல் அகலத்துக்கு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். நான் கையெழுத்துப் போட்டு ஒட்டிய நோட்டீசுகளின் பாட்டன் இந்த ஊரிலும் வேலை பார்த்திருக்கிறான்!

ரயில் போட ஐம்பது லட்சம் பவுனுக்கு மேல் செலவாகிவிட்டது. போட்ட பணம் திரும்ப வர வேண்டுமானால் ரயிலில் ஏற்றச் சரக்கு வேண்டும். சரக்கு வேண்டுமானால் பெரும் பண்ணைகள் வேண்டும். ஆகவே வெள்ளைக்காரக் குடியேறிகளை அழைத்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க நிலம் வேண்டுமே? அங்கேதான் எங்கள் துறைக்காரர்களின் மூளை வேலை செய்தது.

நம் ஊரில் புறம்போக்கு என்று ஒரு சொல் இருக்கிறது. யார் பெயரிலும் பட்டா இல்லையென்றால் அது சர்க்கார் நிலம். கென்யாவிலும் அதே சூத்திரம்தான். 1902இல் முடியரசு நிலச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். ஆள் குடியிருக்காத, சாகுபடி செய்யாத நிலமெல்லாம் பிரிட்டிஷ் மன்னருடையது என்று ஆயிற்று. கிகுயு மக்களின் நிலம் குலத்தின் பெயரால் பாத்தியதை உள்ளது. அதற்குக் கிதாகா என்று பெயர். கொஞ்சத்தில் பயிரிட்டு, கொஞ்சத்தைத் தரிசாகப் போட்டு, கொஞ்சத்தை மேய்ச்சலுக்கு விடுவார்கள். போதாததற்கு 1890களின் கடைசியில் மாட்டுக் கொள்ளை நோயும், பஞ்சமும், பெரியம்மையும் அடுத்தடுத்து வந்து கியம்பு பக்கத்தில் பல ஊர்கள் காலியாகிக் கிடந்தன. பிழைத்தவர்கள் உறவினர் ஊர்களுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் வேலி போட்டிருந்தது. டெலமியர் பிரபு என்ற ஒருவருக்கு மட்டும் 1903இல் ஒரு லட்சம் ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது.

குத்தகைக் காலம் முதலில் 99 வருடம். குடியேறிகளுக்கு அது போதவில்லை. 1915இல் புதிய சட்டம் போட்டு 999 வருடமாக ஆக்கினார்கள். என் சர்வீசில் எத்தனையோ குத்தகைப் பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். பின்னோக்கி 999 வருடம் எண்ணினால் நம் சோழர்கள் காலம் வந்துவிடும். முன்னோக்கி எண்ணினால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

மாசாய் மக்களின் கதை இன்னும் மோசம். 1904இல் அவர்கள் தலைவர்களோடு ஒப்பந்தம் எழுதி, ரிஃப்ட் பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சல் நிலத்தை விட்டு விலகச் செய்தார்கள். பதிலுக்குக் கொடுத்த நிலம், மாசாய் இனம் உள்ளவரை அவர்களுடையது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏழே வருடத்தில், 1911இல், அதிலும் வடக்குப் பகுதியாகிய லைகிபியாவைக் காலி செய்யச் சொன்னார்கள். மாசாய்கள் வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? இது இரண்டு அரசுகளுக்கு இடையே நடந்த உடன்படிக்கை, இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 1913இல் தள்ளுபடி செய்தது. நிலத்தைப் பிடுங்கும்போது குடிமக்கள். நியாயம் கேட்கும்போது அயல்நாட்டார். 1920இல் அது கென்யா என்ற பெயரில் முழுக் காலனி ஆயிற்று. அடுத்த வருடம் வந்த ஒரு தீர்ப்பு, ஆப்பிரிக்கர்கள் தங்கள் சொந்த நிலத்தில் மன்னரின் தயவில் இருக்கும் குடிவாரதாரர்கள் மட்டுமே என்று சொல்லிவிட்டது.

நிலம் மட்டும் போதாது, உழைக்க ஆள் வேண்டும். குடிசை வரி, தலை வரி என்று போட்டார்கள். வரி கட்டக் காசு வேண்டும். காசுக்கு வெள்ளைக்காரர் பண்ணையில்தான் வேலை. காப்பி பயிரிட்டுச் சம்பாதிக்கலாம் என்றால், ஆப்பிரிக்கர் காப்பி போட நீண்ட காலம் அனுமதி இல்லை. பண்ணை ஓரத்தில் குடிசை போட்டுக்கொள்ள வேண்டுமானால் வருடத்தில் 180 நாள் முதலாளிக்கு வேலை செய்ய வேண்டும் என்று 1918இல் சட்டம் வந்தது. அப்படி இருந்தவர்களுக்கு ஸ்குவாட்டர் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஆபீஸ் மொழியில் சொன்னால் ஆக்கிரமிப்பாளர்.

இதற்கெல்லாம் மேலே கிபாண்டே. ஆப்பிரிக்க ஆண்கள் ஒவ்வொருவரும் கைரேகையும் வேலை விவரமும் உள்ள அத்தாட்சிக் காகிதத்தை ஒரு தகரக் கூட்டில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டு விடுவிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போக முடியாது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு இது அமலுக்கு வந்தது. அதே போரில் சண்டையிட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கென்யாவில் நிலம் கொடுத்தார்கள். அதே போரில் மூட்டை சுமந்து போன ஆப்பிரிக்கர்களுக்குக் கழுத்தில் தகர டப்பா. எங்கள் டிரைவர் தன்னுடைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, வீட்டில் பெரியவர்கள் இன்றைக்கும் இதைக் கிபாண்டே என்றுதான் சொல்வார்கள் என்றார்.

மனு கொடுத்துப் பார்த்தார்கள். சங்கம் வைத்துப் பார்த்தார்கள். 1922இல் ஹாரி துக்கு என்ற தலைவரைக் கைது செய்தபோது நைரோபியில் கூடிய கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிற்சங்கக்காரரான மக்கன் சிங் என்ற சீக்கியர் 1950இல் பொதுக்கூட்ட மேடையில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும் என்று பேசினார். பதினொரு வருடம் அவரை அடைத்து வைத்தார்கள்.

1952 அக்டோபர் 20ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மாவ் மாவ் என்று வெள்ளையர் அழைத்த இயக்கத்தார் தங்களை நிலத்துக்கும் சுதந்திரத்துக்குமான படை என்று சொல்லிக்கொண்டார்கள். ஜோமோ கென்யாட்டாவைக் கைது செய்து, கபெங்குரியா என்ற எங்கோ வடக்கே உள்ள ஊரில் வைத்து விசாரித்தார்கள். அவருக்காக வாதாடிய குழுவில் டெல்லியிலிருந்து போன திவான் சமன்லாலும் இருந்தார். ஆனாலும் தண்டனைதான் கிடைத்தது.

மாவ் மாவ் ஆட்களை வெறும் தியாகிகளாக எழுதிவிட எனக்கு மனம் இல்லை. 1953 மார்ச்சில் லாரி என்ற கிராமத்தில் அவர்கள் வீடுகளுக்குத் தீ வைத்ததில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்களும் கிகுயுக்களே. அந்தச் சண்டையின் அடியிலும் ஒரு நிலத் தகராறுதான் இருந்தது. அதற்குப் பழிவாங்க அரசாங்கப் பக்கத்துக் காவல் படையினர் கொன்றது அதைவிட அதிகம். மொத்த எட்டு வருடத்தில் செத்த வெள்ளைக் குடியேறிகள் 32 பேர். கிளர்ச்சிக்காரர்கள் பதினோராயிரத்துக்கு மேல் என்பது சர்க்கார் கணக்கு. தூக்கில் போட்டவர்கள் மட்டும் 1,090. அவர்களில் டெடன் கிமாதியும் ஒருவர். 1957 பிப்ரவரி 18ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டு, கமிதி சிறை வளாகத்தில் அடையாளம் இல்லாமல் புதைத்தார்கள்.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிகுயுக்களை வீடுகளிலிருந்து கிளப்பி, முள்வேலியும் அகழியும் சூழ்ந்த காவல் கிராமங்களில் அடைத்தார்கள். பல்லாயிரம் பேர் விசாரணையே இல்லாமல் முகாம்களில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து 1954இல் நிலச் சீர்திருத்தம் தொடங்கியது. துண்டு துண்டாக இருந்த நிலங்களை ஒருங்கிணைத்துத் தனிப் பட்டா கொடுத்தார்கள். திட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாத்தியதைக்காரன் முகாமில் கிடக்கும்போது ஊரில் அளந்து கல் நட்டால் யார் பெயர் பதிவேட்டில் ஏறும்? அரசாங்கத்துக்கு விசுவாசமாக இருந்தவன் பெயர்தான். முகாமிலிருந்து திரும்பியவர்களில் பலருக்குத் திரும்பிப் போக நிலம் இல்லை. சிட்டாவில் பெயர் மாறிப்போன ஒருவன் என் மேசைக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை ஆயிரக்கணக்கில் பெருக்கிப் பார்த்தேன்.

1959 மார்ச் 3ஆம் தேதி ஹோலா முகாமில் வேலை செய்ய மறுத்த கைதிகளில் 11 பேரை அடித்தே கொன்றார்கள். தண்ணீர் வண்டியிலிருந்து தண்ணீர் குடித்த பிறகு இறந்தார்கள் என்று சர்க்கார் அறிக்கை விட்டது. பிரேதப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிட்டது. லண்டன் பாராளுமன்றத்தில் பெரும் ரகளை ஆயிற்று. அதற்குப் பிறகு ஆட்சியை இழுத்துப் பிடிக்க அவர்களுக்கே தெம்பில்லை. 1963 டிசம்பர் 12ஆம் தேதி கென்யா சுதந்திரம் அடைந்தது.

நிலம் திரும்பியதா? திரும்பியது, விலைக்கு. பிரிட்டனிடமும் உலக வங்கியிடமும் கடன் வாங்கி, அந்தப் பணத்தை வெள்ளைப் பண்ணையாளர்களுக்கு நஷ்டஈடாகக் கொடுத்து, பத்து லட்சம் ஏக்கர் திட்டத்தில் சுமார் 35,000 குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். அந்தக் குடும்பங்கள் தவணை கட்ட வேண்டும். திருட்டுப் போன மாட்டைச் சந்தையில் கண்டுபிடித்து, கடன் வாங்கிப் பணம் கொடுத்து ஓட்டி வந்த கதை. பணம் இருந்தவர்களும் புதிய ஆட்சியில் செல்வாக்கு உள்ளவர்களும் பெரும் பண்ணைகளை முழுசாக வாங்கிக்கொண்டார்கள். காட்டில் சண்டை போட்டவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். பழையதை மன்னிப்போம், மறப்போம் என்றார் கென்யாட்டா. மாவ் மாவ் இயக்கத்தின் மேல் வெள்ளைக்காரன் போட்ட தடை, சுதந்திரம் வந்து நாற்பது வருடம் கழித்து 2003இல்தான் நீங்கியது. 2007ஆம் வருடத் தேர்தலுக்குப் பின் நடந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரிஃப்ட் பள்ளத்தாக்கில் அது பற்றியெரியக் காரணம், யார் நிலத்தில் யார் குடியேறினார் என்ற அதே பழைய கணக்கு.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் போகும்போது எல்லாக் கோப்புகளையும் விட்டுப் போகவில்லை. பிரிட்டிஷ் அரசுக்குத் தர்மசங்கடம் தரக்கூடிய எதையும் புதிய அரசுகளிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 1961இல் லண்டனிலிருந்து உத்தரவு போயிற்று. எரித்தால் சாம்பலையும் உடைத்துத் தூளாக்க வேண்டும், கடலில் போட்டால் எடை கட்டி ஆழத்தில் போட வேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார்கள். தரம் பிரிக்கும் வேலையை ஐரோப்பிய வம்சாவளி அலுவலர்தான் செய்யலாம். முப்பத்து மூன்று வருடம் ரெக்கார்ட் ரூம் தூசியைத் தின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தனை ஒழுங்காக ஒரு குற்றத்தை மறைக்க நல்ல குமாஸ்தாக்களால்தான் முடியும்.

எரிக்காததை லண்டனுக்குக் கொண்டு போனார்கள். 1967இல் கென்யா கேட்டபோது தர மறுத்தார்கள். 2009இல் முகாம்களில் சித்திரவதைப்பட்ட ஐந்து முதியவர்கள் லண்டன் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அதன் நெருக்கடியில்தான், ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பூட்டி வைத்திருந்த கென்யக் கோப்புகள் வெளியே வந்தன. சுமார் 300 பெட்டிகளில் 1,500 கோப்புகள். மற்றக் காலனிகளின் கோப்புகளும் ஆயிரக்கணக்கில் அங்கேயே இருந்தன. முகாம்களில் அடிப்பதைப் பற்றிக் கென்ய அட்டர்னி ஜெனரல் கவர்னருக்கு எழுதிய கடிதம் ஒன்று. பாவம் செய்வதானால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார்.

ஐம்பது வருடம் கழித்து வந்த வழக்கு, காலாவதி என்றது அரசு. 2012இல் நீதிபதி அதை ஏற்கவில்லை. அந்த நாளைய ஆவணங்கள் இவ்வளவு இருக்கும்போது நியாயமான விசாரணை நடத்த முடியும் என்றார். 2013 ஜூன் 6ஆம் தேதி வெளியுறவு மந்திரி பாராளுமன்றத்தில் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்காக, செலவுத் தொகை உட்பட, 1 கோடியே 99 லட்சம் பவுன். பின்னால் நாற்பதாயிரம் பேர் போட்ட இன்னொரு வழக்கு, நான் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், 2018 நவம்பரில், காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி ஆயிற்று. இறந்துகொண்டிருக்கும் கிழவர்களுக்குக் காலம் கடக்காமல் என்ன செய்யும்?

நைரோபியில் உஹுரு பூங்காவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு பணம் கொடுத்து 2015இல் திறந்தது. ஒரு பெண் காட்டுப் போராளிக்குச் சாப்பாடு கொடுக்கிறாள். இருவரும் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள். யார் முகத்தை யார் பார்த்தாலும், அடி தாங்காமல் நாளைக்குக் காட்டிக்கொடுக்க நேரிடலாம் அல்லவா? அங்கே வெகுநேரம் நின்றேன். காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளாமல், முகத்தைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளாமல் நடந்த கொடுக்கல் வாங்கல் அது.

இப்போது என் கதைக்கு ஒரு வரி. நான் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது ஒரு சாலைத் திட்டத்துக்கு நிலம் எடுத்தோம். நோட்டீஸ் கொடுக்கப் போன இடத்தில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும். அப்பா காலத்திலிருந்து அவர் உழுத ஒன்றரை ஏக்கர், அ-பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தது. நஷ்டஈடு கிடையாது. விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காயிதம் இல்லேன்னா நாங்க இங்க இருக்கவே இல்லீங்களா ஐயா?" என்றார்.

விதிப்படி அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன். கோப்பில் "ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அது தப்பான குறிப்பு இல்லை. சட்டப்படி சரியான குறிப்புதான். லிமுருவில் வேலி போட்டவர்கள் எழுதியதும் அவர்கள் சட்டப்படி சரியான குறிப்புகளே.

நான் அமல்படுத்திய அந்த 1894ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நம் பாராளுமன்றம் 2013இல்தான் நிறைவேற்றியது. கென்யாவில் 2010ஆம் வருட அரசியல் சாசனம், வெளிநாட்டார் வைத்திருந்த 999 வருடக் குத்தகைகளை 99 வருடமாகக் குறைத்தது. இரண்டும் நல்ல காரியம். அந்தப் பெரியவர் இரண்டுக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பெயர் இருந்த பக்கம் இன்னும் அந்த ஆபீஸ் ரெக்கார்ட் ரூமில் இருக்கும். கரையான் அரிக்காமல் இருந்தால்.